கிடைக்காத நம்பரின் காசு

எங்கள் ஒழுங்கையில் அம்மாவைப் பற்றி ஒரு கதை இன்னும் உலாவுகிறது. கனடா நம்பர் ஒன்று கேட்டு, அது கிடைக்கவில்லை என்றதும் காசு தரமாட்டேன் என்று, வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் கொமினிகேசன் கடையில் நின்று சண்டை பிடித்த மனுசி என்று சொல்வார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் வழக்கம்போல இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. எழுத வரும். அதனால் எழுதுகிறேன். அம்மா சண்டை பிடித்தது உண்மை. கஞ்சப்பிசினி என்பது பொய்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உடுவிலில் இருந்தோம். அக்கா பெரியபிள்ளையாகிப் பின்னறையில் இருந்தாள். இந்தச் செய்தியை முதலில் தாய்மாமனுக்குச் சொல்லவேண்டும். மற்றச் சொந்தக்காரருக்குச் சொல்வதும் நாள் வைப்பதும் அதற்குப் பிறகுதான். அந்த நாளில் முதல் தண்ணீர் வார்ப்பதும் தேங்காய் உடைப்பதும் அவருடைய உரிமை.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மாமா, அம்மாவின் தம்பி. அவர் ரொறன்ரோவில் இருந்தார். அவரால் வரமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். "செய்யுங்கோ அக்கா, எனக்குப் பதிலா இன்னார் நிக்கட்டும்" என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். கனடாவுக்குப் போகுமுன் அக்காவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இவளுக்குத் தண்ணி வாக்க நான் பிளேன் பிடிச்சு வருவன்" என்று சொன்னவர் அவர்.

கையிலிருந்த நம்பருக்கு அப்பா எடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாமா வீடு மாறியிருந்தார். கடிதம் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்லமுடியாத காலம். எனக்கு இங்கிலீசில் பரிசு கிடைத்திருந்தது. அதனால் அடுத்தநாள் அம்மா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சந்தியிலிருந்த கொமினிகேசன் கடைக்குப் போனார்.

கடைக்கார அண்ணை விசயத்தை விளங்கப்படுத்தினார். கனடாவில் ஒரு விசாரணை நம்பர் இருக்கிறது. அங்கே ஊரையும் பெயரையும் சொன்னால் ஆளின் நம்பரைத் தேடித் தருவார்கள்.

"ஆனால் அக்கா, நிமிசக் காசு வேறை, விசாரணைக் காசு வேறை. ஒவ்வொரு தரம் கேக்கிறதுக்கும் வெட்டுவாங்கள்."

"வெட்டட்டும். நீ எடு தம்பி."

கடையில் வழக்கம்போலச் சனம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் ரெலிபோன் கோலுக்காக வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களில் எங்கள் ஒழுங்கைப் பெரியம்மாவும் ஒருவர். சொந்தம் இல்லை, முறைக்குப் பெரியம்மா.

"என்ன பிள்ளை, இவ்வளவு அந்தர அவசரம்? வீட்டிலை ஏதும் விசேசமோ?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா தம்பியோடை கதைக்கத்தான்" என்றார் அம்மா. மாமாவுக்குச் சொல்லுமுன் அவருக்குச் சொல்லமுடியாதே.

கண்ணாடிக் கதவு போட்ட பலகைக் கூட்டுக்குள் நானும் அம்மாவும் நெருக்கிக்கொண்டு நின்றோம். சுவரில் சிவப்பு எழுத்தில் நேரம் ஓடியது. போனின் அந்தப் பக்கத்துப் பெண் கடைசிப் பெயர் என்ன என்று கேட்டாள். எங்கள் பள்ளிக்கூட இடாப்பில் அப்பாவின் பெயர் முதலிலும் எங்கள் பெயர் கடைசியிலும் இருக்கும். ஆகவே மாமாவின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரும் இல்லை என்றாள். முதல் காசு அத்துடன் போயிற்று.

அம்மா வைத்த ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பொறு. அவன் அனுப்பின பார்சலிலை அப்புவின்ரை பேர்தான் கடைசியிலை கிடந்தது. அங்கை தேப்பன்ரை பேராலைதான் ஆளைக் கூப்பிடுறவங்கள் போலை" என்றார்.

அப்பு என்றால் அம்மாவின் அப்பா. அவர் ஒருநாளும் கப்பலேறியதில்லை. இரண்டாம் முறை அவருடைய பெயரைக் கடைசிப் பெயராகச் சொன்னேன். உடனே அகப்பட்டது. நான் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அம்மா பேனையைத் திறந்து உள்ளங்கையை விரித்தார்.

அந்தப் பெண் நம்பரைச் சொல்லவில்லை. வேறென்னவோ சொன்னாள். திரும்பக் கேட்டேன். சின்னப்பிள்ளை என்று தெரிந்ததால் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எனக்குக் குரல் எப்போதும் மெல்லியது. அம்மாவின் காதுக்குள் சொன்னேன்.

"பேர் இருக்காம் அம்மா. நம்பரும் இருக்காம். ஆனால் தரேலாதாம்."

"ஏனாம்?"

"மாமாதான் கேட்டவராம். ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம் எண்டு."

பேனை உள்ளங்கைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அம்மா அதை மூடினார். மூடி சரியாகப் பொருந்தும்வரை இரண்டு தரம் அழுத்தினார். சிவப்பு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் ரிசீவரை வைத்தேன்.

கதவைத் திறந்ததும் பெரியம்மா தயாராக இருந்தார்.

"என்ன பிள்ளை, கிடைக்கேல்லையோ? தம்பி உனக்கே நம்பரைத் தராமல் மாத்திப்போட்டானோ?"

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கடைக்கார அண்ணையின் மேசைக்குப் போனார்.

"தம்பி, நம்பர் இல்லை. இல்லாத நம்பருக்கு நான் காசு தரமாட்டன்."

"அக்கா, நான் முதலே சொன்னனான். கிடைச்சாலும் காசு, கிடைக்காட்டிலும் காசு."

"மருதனார்மடச் சந்தையிலை கத்தரிக்காய் இருக்கோ எண்டு கேக்கிறன். இல்லையெண்டால் கேட்டதுக்குக் காசு குடுக்கிறதோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கனடாக்காரன் என்னட்டை வெட்டுறானே அக்கா!"

"ஆள் இருக்கிற ஊரிலை ஆளின்ரை நம்பரை ஒழுங்கா எழுதிவைக்கத் தெரியாதவன் என்னத்துக்கு வெட்டுறான்? என்ரை தம்பி வீடு மாறி எத்தினை நாள்! இன்னும் பதியேல்லை. பிள்ளை, நீ சொல்லு. இல்லையெண்டுதானே சொன்னவள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியிருந்தன. காசுக்காக என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

"ஓம்" என்றேன்.

கடைசியில் கடைக்கார அண்ணை கையெடுத்துக் கும்பிட்டு, "விசாரணைக் காசு வேண்டாம், நிமிசக் காசைத் தாங்கோ" என்றார். பெரியம்மாவுக்கு மாமாவின் நினைவே போய்விட்டது. "ஐயோ, இந்தச் சல்லிக்கோ இவ்வளவு சத்தம்?" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பொழுது படுமுன் கதை எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டது. இன்றும் அது இருக்கிறது. அந்தக் கதையில் மாமாவைப் பற்றி ஒரு குறையும் வராது.

வீட்டில் அம்மா அப்பாவிடம், "நம்பர் இல்லையாம்" என்று மட்டும் சொன்னார். "அப்ப மாமன் முறையிலை ஆரையும் பிடிப்பமோ?" என்று அப்பா கேட்டார். "ஒருத்தரையும் பிடிக்கவேண்டாம்."

தண்ணீர் வார்க்கும் நாளில் சனம் கூடி நிற்க, அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அக்காவின் தலையில் முதல் தண்ணீரை வார்த்தவர் அவர்தான். பெண்கள் குசுகுசுத்தார்கள். அம்மா கத்தியையும் தேங்காயையும் கையில் எடுத்தபோது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"உது தாய்மாமன் செய்யிறதெல்லோ, பிள்ளை?"

"தம்பியும் நானும் ஒரு வயித்திலை பிறந்தனாங்கள். அவன்ரை கை தூரத்திலை. என்ரை கை இஞ்சை கிடக்கு."

ஒரே அடி. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. 

மறுநாட் காலை அம்மா என் கையில் காசைச் சுருட்டி வைத்தார். அந்த விசாரணைக் காசு, இரண்டு தரம் கேட்டதற்கும் முழுதாக.

"கொமினிகேசன் அண்ணையிட்டைக் குடுத்துப்போட்டு வா. சனம் இல்லாத நேரம் பாத்துக் குடு."

எனக்குக் கோபம் பொங்கியது. அவ்வளவு பேருக்கு முன்னால் என்னைப் பொய் சொல்லவைத்து மிச்சம் பிடித்த காசு அல்லவா?

"நாங்கள் சண்டையிலை வெண்டிட்டமெல்லோ அம்மா?"

"ஓம், வெண்டிட்டம். அதுக்குத்தான் காசு" என்றார். உடைத்த தேங்காயின் ஒரு பாதியை மடியில் வைத்துத் துருவிக்கொண்டிருந்தார்.

ஒன்றும் விளங்காமல் போனேன். கடையில் ஒருவரும் இல்லை. மேசையில் காசை வைத்ததும் அண்ணை வியப்போடு என்னைப் பார்த்து, "உண்மையிலை கனடாக்காரன் என்ன பிள்ளை சொன்னவன்?" என்று கேட்டார்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய்க்குள் முணுமுணுக்கிறவள் நான். அன்று ரோட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"நம்பர் இல்லையெண்டுதான் சொன்னவள்!"

ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.