பூங்குழலி காத்த கதவு

வளையல்களைக் கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் போட்ட பிறகுதான் பூங்குழலி நுண்ணோக்கியின் முன் உட்காருவார். கண்ணாடி வளையல் மேசையில் ஒரு தடவை இடித்தாலும் உள்ளே எல்லாம் குலுங்கிவிடுமாம். "அதுங்க தூங்கி எந்திரிச்சுப் போன ஊடுங்க. நாம போயிக் கதவத் தட்டக் கூடாது" என்பார்.

"அதுங்க" என்று அவர் உரிமையோடு சொல்வது டைனோஃபிளாஜெல்லேட்டுகளை. பழங்காலக் கடலில் மிதந்த ஓரணு உயிர்கள். காலம் சரியில்லையென்றால் ஓடு கட்டிக்கொண்டு உள்ளே உறங்கும்; விழித்ததும் ஓட்டில் ஒரு கட்டத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு வெளியேறும்; அந்தத் திறப்புதான் கதவு. வெற்று ஓடு பாறைக்குள் தங்கிவிடும். முள் எப்படி, கதவு எங்கே என்று பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டும். கல்லை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் தூசியில் இவற்றைத் தேடுவதுதான் மைசூரில் இவருக்கு வேலை. சொந்த ஊரான ஹனூரில் சொந்தக்காரர்கள், "கடலில்லாத ஊர்ல கடல்பூச்சி தேடறவ" என்று கேலி செய்வார்கள். "ஆமாங்க, என்ற கடல் தூசி டப்பாக்குள்ள இருக்குது" என்று இவரும் விடமாட்டார்.

அறிவியல் பெயருக்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு தோட்டத்துப் பெயர் உண்டு. அரியலூர்ப் பாறையில் கிடைத்த, முள் நுனி வளைந்த ஓட்டுக்கு, காய் பறிக்கும் கொக்கிக் கோலை நினைத்து, 'தொரட்டி' என்று பெயர். அது புதிய இனம் என்று கட்டுரை எழுதி அனுப்பினார். சரிபார்த்த நிபுணர் ஒப்புக்கொள்ளவில்லை. கதவு என்று நீங்கள் சொல்வது வெறும் கிழிசல், இது பழைய இனமே என்று எழுதிவிட்டார்.

"கிழிசலாமுங்க! கதவெது கிழிசலெதுன்னு என்ற கண்ணுக்குத் தெரியாதுங்களா?"

கட்டுரையில் காட்டியவை நசுங்கிய ஓடுகள்; கிடைத்தவற்றில் நசுங்காதது ஒன்றுதான். அதுவும் கறுத்துப்போய், கதவு கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடித் தகட்டைச் சூடு காட்டி, ஓட்டைப் பிடித்திருக்கும் ஜெல்லி இளகியதும் மேல்கண்ணாடியை ஊசிமுனையால் தள்ளினால் ஓடு புரளும். கை கொஞ்சம் அழுத்திவிட்டால் பொடிப்பொடிதான்.

"ஸ்வல்ப யோசிங்க மேடம்" என்று கன்னடம் கலந்து சொன்னார் கூட வேலை பார்க்கும் முரளிதரன். "உடைஞ்சா காட்டறதுக்கே ஒண்ணும் இருக்காது. பழைய பேரையே ஒத்துக்கிட்டுப் போயிடலாமே?"

"இல்லாததுக்குப் பேரு வெக்கறது தப்புன்னா, இருக்கறதுக்கு அடுத்ததோட பேர வெக்கறதும் தப்புத்தானுங்க சார்."

மின்விசிறியை நிறுத்தினார். ஊசி தொட்டது. தொரட்டி அசைந்தது, நின்றது, பிறகு சோம்பல் முறிப்பதுபோல மெல்லப் புரண்டது. கிழிசலாக இருந்தால் ஓரம் தாறுமாறாக இருக்கும். இதில் பக்கங்கள் நேராக, மூலைகள் சுத்தமாக, ஒரு கட்டம் முழுசாகப் பெயர்ந்திருந்தது. பழைய இனத்தில் அந்த இடத்தில் கதவே கிடையாது.  பூங்குழலி படங்களை எடுத்து முடித்தார்.

முரளிதரன் ஆவலோடு எட்டிப் பார்க்க வந்தார். "இருங்க சார்" என்று அவரைக் கையமர்த்திவிட்டு, பூங்குழலி பென்சில் டப்பாவைத் திறந்தார். வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.