ஐந்தாம் கட்டிலின் நாடி

அவள் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு எரிகிற அளவுக்கு. இனிமேல் நான் எதைச் சொன்னாலும் அதன் அடியில் இதுதான் கிடக்கப்போகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். அரியலூருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேர் வேலை பழகிக்கொண்டிருந்தோம். பெண்கள் வார்டில் பத்துக் கட்டில்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாதவர். அவள் வரதராஜன்பேட்டைப் பக்கத்து வாத்தியார் மகள். நான் பெரம்பலூருக்கு மேற்கே அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்களின் மகள். கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததே பெரிய விஷயம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு பெண்ணை அந்த ஆஸ்பத்திரியில் இருந்து திருச்சிக்கு அனுப்புவார்கள். மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தால் நர்ஸ். தொப்பி, வெள்ளை உடுப்பு, கையெழுத்துப் போடுகிற உரிமை எல்லாம் உண்டு. போகாதவள் பெட்பேன் கழுவிக்கொண்டு, போர்வை மடித்துக்கொண்டு, வயதானதும் ஆயாவாக வேண்டியதுதான். அந்த வருஷம் அவளா நானா என்று சிஸ்டர் முடிவு செய்ய வேண்டும். முடிவு தெரியும் முன்பே என் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், என் மகள் திருச்சிக்குப் போகிறாள் என்று.

எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சொற்களைத்தான். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன். மூன்றையும் சேர்த்து டி.பி.ஆர். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். காலையும் மாலையும் காய்ச்சல், நாடி, மூச்சு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். மருந்துக்குத் தனி எழுத்துகள். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் என்றால் இந்த நிமிஷமே. கால் வீங்கினால் ஓடிமா. மூச்சு வாங்கினால் டிஸ்ப்னியா. அவள் ஒரு நீல நோட்டில் மணிமணியாக எழுதி வைத்து, சிஸ்டர் கேட்டதும் வெள்ளைக்காரி மாதிரி ஒப்பிப்பாள். எனக்கு நாக்குப் புரளாது. "டிஸ்ப்..." என்று நான் ஆரம்பித்தால் சிஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிரிப்பை அடக்கத்தான் கடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த உதட்டைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

ஆனால் வேலையில் என் கை ஓடுவது போல அவளுக்கு ஓடாது. "நெஞ்சு அடைக்குது", "கண்ணு இருட்டிக்கிட்டு வருது", "காலு கனத்துப் போச்சு" என்று கிராமத்துப் பெண்கள் சொல்வது எனக்குச் சொல்லாமலே புரியும், எங்கள் வீட்டுப் பேச்சுதானே அது. நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். பத்துக் கட்டிலுக்கும் கால்மணியில் மருந்து கொடுத்து முடித்துவிடுவேன். அவள் ஒரு மணி நேரம் எடுப்பாள். காரணம், சிஸ்டர் சொன்ன ஒரு விதியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்: மருந்தைக் கையில் கொடுத்தால் போதாது, தொண்டையில் இறங்கும்வரை கட்டிலோரம் நிற்க வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைகள் மருந்து குடிப்பதைக் குழந்தைக்குச் சோறூட்டுவது போலப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று எனக்குச் சிரிப்பு. நான் கிளாஸில் ஊற்றி வைப்பேன், அடுத்த கட்டிலுக்குப் போவேன், திரும்பி வரும்போது காலி கிளாஸ் இருக்கும். அட்டையில் 'கொடுத்தாயிற்று' என்று குறிப்பேன்.

அந்த மே மாதம் பூலாம்பாடியில் இருந்து ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். மூத்தவளுக்கு விட்டுவிட்டு வருகிற குளிர்காய்ச்சல். ஐந்தாம் கட்டில், கொய்னா மிக்ஸ்சர். இளையவளுக்கு இருதயக் கோளாறு. இரண்டு காலும் வீங்கி நான்காம் கட்டில். அவளுக்கு டிஜிட்டாலிஸ் கலந்த மிக்ஸ்சர். அது இருதயத்தை நிதானப்படுத்துகிற மருந்து, அளவு மீறினால் நாடியை ஒரேயடியாக இறக்கிவிடும். குடிக்க வசதியாக ஆரஞ்சுப் பாகு சேர்த்து, பார்க்க சர்பத் போலவே இருக்கும். கொய்னாவோ குடலே கசந்துபோகிற கசப்பு.

அந்த வாரம் மருந்து என் பொறுப்பு. டி.பி.ஆர். அவள் பொறுப்பு.

ஏழாம் நாள் காலையில் ஐந்தாம் கட்டில் அட்டையைத் தற்செயலாகப் பார்த்தேன். காய்ச்சல் நூற்றிரண்டு. நாடி ஐம்பத்து நாலு. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. காய்ச்சல் ஏறினால் நாடியும் கூடவே ஏறும் என்பது எங்களுக்கு இரண்டாவது நாளே சொல்லிக்கொடுத்த பாடம். நூற்றிரண்டு காய்ச்சலில் நாடி நூறைத் தாண்டி ஓட வேண்டும். வாத்தியார் மகளுக்கு எண்ணவே தெரியவில்லை, அல்லது எண்ணாமலே எழுதிவிட்டாள். எதுவானாலும் சரி, எனக்குக் கொண்டாட்டம். அட்டையைக் கொக்கியில் இருந்து கழற்றி எடுத்துக்கொண்டு சிஸ்டர் அறைக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க. நாடியைத் தப்பா எழுதியிருக்கா" என்றேன். குரலில் வருத்தம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன்.

சிஸ்டர் எழுந்து வந்தார். மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் நின்றார். பிறகு இன்னொரு நிமிஷம். "ஐம்பத்திரண்டு" என்றார்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை. சிஸ்டர் நான்காம் கட்டிலுக்குப் போய் இளையவளின் காலை விரலால் அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது. ஒரு வார மருந்துக்கு வடிந்திருக்க வேண்டிய வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. காய்ச்சலுக்கு மருந்து குடிக்கிறவளுக்குக் காய்ச்சல் குறையவில்லை, இருதயத்துக்கு மருந்து குடிக்கிறவளுக்கு வீக்கம் குறையவில்லை. சிஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரு எந்த மருந்தைக் குடிக்கிறீங்க?"

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவள்தான் பதில் சொன்னாள், ஒளிவுமறைவே இல்லாமல். "அந்த இனிப்பு மருந்தை நான் வாங்கிக் குடிச்சுட்டு, என் கசப்பை அவளுக்குக் கொடுத்துருவேன். எங்க வூட்டுல எதுவா இருந்தாலும் மூத்தவளுக்கு அப்புறம்தானே சிஸ்டர் இளையவளுக்கு? இங்க வந்து மட்டும் அவளுக்கு சர்பத்து, எனக்கு வேப்பெண்ணெயா? ரெண்டு நாளா வாந்தி வேற."

"மருந்து கொடுக்கறவங்க பக்கத்துல இல்லையா?"

"இந்தப் பாப்பா தங்கமான பொண்ணு. வச்சுட்டுப் போயிடும். தொந்தரவே பண்ணாது" என்று என்னைக் கைகாட்டினாள்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு மருந்தையும் நிறுத்தச் சொல்லி, டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, என்னிடம் ஐந்தாம் கட்டிலின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நாலு மணி நேரத்துக்கொரு தரம் இவங்க நாடியை நீ எண்ணி எனக்குச் சொல்லணும். முழு நிமிஷம்." அவ்வளவுதான். நாலு நாளில் மூத்தவளின் நாடி மெல்ல மெல்ல ஏறியது. சரியான மருந்து தொண்டையில் இறங்கியதும் இளையவளின் வீக்கமும் வடிய ஆரம்பித்தது. அந்த வாரக் கடைசியில் சிஸ்டர் முடிவைச் சொன்னார். திருச்சிக்கு அவள்.

போகிற நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போக ஜட்கா வண்டி வந்து வாசலில் நின்றது. வழியனுப்ப எனக்கு விருப்பமே இல்லை. பெட்டியைத் தூக்க ஆளில்லை என்று போனேன். பெட்டியை ஏற்றியதும் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டி. அவங்க மாத்திக் குடிச்சதை நான் ரெண்டாம் நாளே பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏண்டி சொல்லலை?"

"நீ மாட்டட்டும்னு இருந்தேன். ஒரு நாள்ல நீ மாட்டிக்குவேன்னு நெனச்சேன். அப்புறம் சொன்னா, இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு சிஸ்டர் கேப்பாங்களேன்னு பயம் வந்துடுச்சு. நாடி இறங்கவும் எழுதி மட்டும் வச்சேன்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "உன்னைப் பார்த்தா வார்டே சிரிக்குது. என்னைப் பார்த்தா எல்லாரும் தெர்மாமீட்டருக்கு வாயைத் திறக்கறாங்க. எனக்குத் தாங்கலைடி."

ஜட்கா கிளம்பிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். வெள்ளைக்காரி மாதிரி இங்கிலீஷ் பேசுகிறவளுக்கு என் மேல் பொறாமை! அந்தச் சந்தோஷத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சிஸ்டரிடம் இதைச் சொன்னால் ஆள் விட்டு அவளைத் திரும்ப அழைப்பார். அவள் செய்தது நான் செய்ததைவிடப் பெரிய குற்றம். நான் தெரியாமல் விட்டேன், அவள் தெரிந்தே விட்டாள். அந்த இடம் எனக்கு வரலாம். என் அம்மா தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். நான் நேராகச் சிஸ்டர் அறைக்குப் போனேன்.

"சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் தலையைத் தூக்காமல், "அஞ்சாம் கட்டில் நாடி எவ்வளவு?" என்றார்.

நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய நேரத்தில் வாசலில் நின்று எனக்குக் கிடைத்த பொறாமையை ருசித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் பார்க்கலை சிஸ்டர்."

"முதல்ல அதைப் பார்த்துட்டு வா."

ஐந்தாம் கட்டிலில் மூத்தவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கும் முன்பே கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ணு போயிடுச்சா?"

தலையாட்டினேன். பத்து, பதினொன்று.

"நீ போக வேண்டிய இடமாமே. ஆயா சொன்னுச்சு. நான் ஆசைப்பட்டு அந்த மருந்தை மாத்திக் குடிச்சதாலதானே உன்னை அனுப்பலை? உன் பொழப்பையே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க தாயி." இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பதுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிடப் பார்த்த அந்த ஒரு வாரமும் இவள்தான் இந்தக் கட்டிலில் தப்பான மருந்தைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். இவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கையை விடுவித்து, மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பித்து, முள் ஒரு சுற்று முடிக்கும்வரை எண்ணினேன்.

திரும்பிப் போனபோது சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். "எழுபது" என்றேன்.

"ஏதோ சொல்லணும்னியே?"

"இதைத்தான் சிஸ்டர்" என்றேன்.