ஆள் இறங்காத கிணறு

1. போன் வந்த நாள்

"அண்ணா, நீங்க மாட்டிக் குடுத்த மெஷினு தண்ணி ஏத்த மாட்டேங்குது. மாணிக்கண்ணா கெணத்துல ஆளை இறக்கப் போறேன்னு கயிறோட வந்து நிக்கிறாரு. சீக்கிரம் வாங்க."

வேங்கிக்காலில் என் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது கஸ்தூரி இப்படிப் பேசினார். பிரித்துப் போட்டிருந்த மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

கஸ்தூரியின் நிலம் செங்கம் சாலையில் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. கிணறு அவருக்கும் அவருடைய பெரியப்பா மகன் மாணிக்கத்துக்கும் பொது. முன்பு அந்தப் பம்பில் ஃபுட் வால்வு இருந்தது. சக்‌ஷன் பைப்பின் அடியில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்து வைப்பது அதன் வேலை. மணலோ தழையோ சிக்கினால் பைப் காலியாகிவிடும். குடம் குடமாக ஊற்றினாலும் நிற்காது. யாராவது கிணற்றில் இறங்கித்தான் வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்படி இறங்கிய கஸ்தூரியின் தம்பி முருகன், பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. கோல் இல்லாமல் அவனால் இப்போதும் நடக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் கஸ்தூரி என்னைத் தேடி வந்தார். "இனிமே யாரும் கெணத்துல இறங்கக் கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க" என்றார். ஃபுட் வால்வை எடுத்துவிட்டு வேக்குவம் பிரைமிங் செட் மாட்டினேன். சின்ன வேக்குவம் பம்ப் பைப்பில் இருக்கும் காற்றை உறிஞ்சும். தண்ணீர் தானாக மேலே ஏறி பம்பை நிரப்பும். பிறகு இரண்டு பம்புக்கும் நடுவில் இருக்கும் வால்வை மூடிவிட்டுப் பெரிய மோட்டாரைப் போட வேண்டியதுதான். தை மாதத்திலிருந்து ஒரு தடவைகூடத் தகராறு செய்யாமல் ஓடியது.

இப்போது சித்திரை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியில் விழுது இறங்கும் நேரம். மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது. இருவர் நிலத்திலும் அதே பயிர்தான்.

2. ஊசி நிற்கவில்லை

நான் போனபோது மாணிக்கம் கிணற்றுமேட்டில் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தார். படிக்கு எதிரே கஸ்தூரி வழிமறித்து நின்றார்.

"என்னா மெக்கானிக்கு, கெணத்துல தண்ணி கம்மியாயிடுச்சு. உன் மெஷினால இழுக்க முடியல. பழைய வால்வையே மாட்டிடலாம். நம்ம ஆளு அஞ்சு நிமிஷத்துல இறங்கி ஏறிடுவான்" என்றார் மாணிக்கம்.

"முருகனும் அப்படித்தான் சொல்லிட்டு இறங்குனான்" என்றார் கஸ்தூரி.

முதலில் டேப்பை விட்டு அளந்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது உண்மைதான். ஆனாலும் பம்ப் தூக்கக்கூடிய ஆழத்துக்குள்தான் இருந்தது. வேக்குவம் பம்பைப் போட்டேன். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கேஜில் ஊசி பாதி வரை ஏறி அங்கேயே நின்றது. நிறுத்தியதும் சரசரவென்று கீழே வந்தது. பைப் அடைத்திருந்தால் ஊசி எகிறும். இப்படிப் பாதியில் நின்றால் எங்கோ ஏர் இழுக்கிறது என்று அர்த்தம்.

வேக்குவம் பம்பை மட்டும் தனியாகப் பிரித்து, வாயை ரப்பர் ஷீட்டால் அடைத்துப் பார்த்தேன். ஊசி முழுசாக ஏறி அசையாமல் நின்றது. அதில் குறை இல்லை. தண்ணீர் வெளியே போகும் டெலிவரி வால்வு சரியாக மூடியிருந்தது. பம்பின் தண்டு நுழையும் கிளாண்டில் புதுப் பேக்கிங் கயிறு சுற்றினேன். பைப் பம்போடு சேரும் ஃபிளாஞ்சைக் கழற்றிப் புது கேஸ்கெட் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பார்த்தேன். ஊசி பாதிக்கு மேல் போகவே இல்லை. மும்முனை கரண்ட் போனதும் வேலை நின்றது.

மாணிக்கம் கோபப்படவில்லை. "எனக்கும் பயிருதான் மெக்கானிக்கு. நாளைக்குக் கரண்டு போற வரைக்கும் பாரு. அதுக்கு மேல நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றார்.

கஸ்தூரி என்னைப் பார்த்து, "நாளைக்கு வருவீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

3. புகை போன பக்கம்

மறுநாள் காலை பம்பைத் தொடவில்லை. கிணற்றைச் சுற்றி வந்தேன். சுவரில் ஈரக்கறை ஒரு பட்டையாகத் தெரிந்தது.

"இந்தக் கறை வரைக்கும் தண்ணி எப்போம்மா இருந்துச்சு?" என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"போன வாரம்கூட அங்கதாண்ணா இருந்துச்சு. அப்புறம்தான் மடமடன்னு இறங்கிடுச்சு."

மெஷின் நின்றதும் அதே வாரம்தான். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பைப்பில் ஓட்டை முன்பே இருந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவரை அது தண்ணீரை இழுத்தது. தண்ணீர் இறங்கி ஓட்டை வெளியே வந்ததும் காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் இறங்காமல் அதை எப்படிப் பார்ப்பது? கஸ்தூரி வீட்டிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்து வரச் சொன்னேன். கொளுத்தி நீள மூங்கில் நுனியில் கட்டி, வேக்குவம் பம்பை ஓடவிட்டு, பைப்பை ஒட்டியே மெதுவாக இறக்கினேன். புகை நேராக மேலே வந்துகொண்டிருந்தது. கறைக்குச் சற்றுக் கீழே போனதும் சட்டென்று வளைந்து பைப்புக்குள் போய் மறைந்தது.

மேட்டில் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கம், "அட, உள்ள இழுக்குதுய்யா!" என்று கத்தினார்.

பைப் கிணற்று வாயில் குறுக்கே போட்ட இரும்பில்தான் தொங்கியது. முக்காலி நட்டு, சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, மொத்த பைப்பையும் மேலே தூக்கினோம். ஆளை இறக்குவதற்காகக் கொண்டுவந்த கயிற்றைப் பைப்பில் கட்டி, அது சுவரில் மோதாமல் மாணிக்கமே இழுத்துப் பிடித்தார். உள்ளங்கை சிவந்துபோயும் விடவில்லை. இரண்டு பைப் துண்டுகளை இணைக்கும் சாக்கெட் ஓரத்தில், மரை முடியும் இடத்தில், துரு தின்று நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அந்தத் துண்டை மாற்றிப் பைப்பை மறுபடி இறக்கினோம்.

ஊசி பாதியைத் தாண்டியது. பம்ப் நிரம்புவதைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறியது. வால்வை மூடிப் பெரிய மோட்டாரைப் போட்டேன். முதலில் செங்காவி நிறத்தில் கக்கியது, பிறகு தெளிந்து கொட்டியது. கஸ்தூரி முகத்தைக் கழுவுவதுபோல் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் ஸ்பேனர்களைப் பொறுக்கப் போய்விட்டேன்.

அன்று தண்ணீர் முறை மாணிக்கத்துடையது. அவர் மண்வெட்டியோடு போய் மடையைக் கஸ்தூரி பக்கம் திருப்பினார். "உங்க பக்கம் செடி ஜாஸ்தி வாடிடுச்சும்மா. மொதல்ல நீ பாய்ச்சிக்கோ" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். வாரம் ஒரு தடவை வால்வை மூடிவிட்டு ஊசி நிற்கிறதா என்று பாருங்கள். வேக்குவம் பம்பில் ஆயிலைப் பாருங்கள். நேற்று ஓடிய மெஷின் இன்று நின்றால், மெஷினில் என்ன கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், சுற்றிலும் என்ன மாறியது என்று கேளுங்கள். கிணற்றில் ஆளை இறக்குவது சுலபமான வழி. அது கையில் இருந்தவரை நானும் வேறு வழி தேடியதில்லை. ஒரு பெண் படியை மறித்துக்கொண்டு நின்றதால்தான் தேடினேன்.