விரதத்தை விட்டான் மச்சான், பிழைத்தான் என் மகன்

முருகனடியார்களே, என் பிள்ளை பிழைத்த கதையை எழுதுகிறேன். அந்தப் பயம் இன்னும் முழுசாக விடவில்லை.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த முதல் ஆள் நான். சொந்த அத்தை மகள் வள்ளியைக் கட்டினேன். முதல் பெண் நல்லபடியாகப் பிறந்தாள். அடுத்தது ஆண். மறுநாளே உடம்பெல்லாம் சாயத்தில் முக்கியெடுத்த நூல் மாதிரி மஞ்சள். போய்விட்டான்.

1973-ல் வள்ளி மறுபடி உண்டானாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். அவளுக்கு நெகட்டிவ், எனக்கு பாசிட்டிவ், ஒத்துவராது என்றார் டாக்டரம்மா.

"சொந்த அத்தை மகம்மா! ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே?" என்றேன். படித்தவன் பேசிய பேச்சு!

"சொந்தம் வேற, ரத்த வகை வேறப்பா." பிறந்ததும் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டி வரலாம், அதற்கு வள்ளியின் வகைதான் வேண்டும், லேசில் கிடைக்காது என்றார். சொந்தக்காரர்களைச் சோதித்ததில் வள்ளியின் தம்பி ஏழுமலைக்கு மட்டும் ஒத்துப்போனது.

அவனோ இந்தக் குழந்தைக்காகவே ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டி கட்டி விரதத்தில் இருந்தான். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் பையன் பிறந்தான். கொஞ்ச நேரத்திலேயே கண்ணில் மஞ்சள். என் கையை நீட்டினேன். பெற்ற அப்பன் ரத்தம்தான் அவனுக்கு ஆகாதே!

ஆள் அனுப்பினோம். ஏழுமலை பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனை மறித்தாள். "பிள்ள பெத்த தீட்டுடா! விரதம் கலைஞ்சா சாமி குத்தம் ஆயிடும். ஒண்ணு போனது போதாதா?"

உள்ளே விட்டால் சாமி குத்தம், விடாவிட்டால் பிள்ளை இல்லை. தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். "முருகா, குத்தம் எதுவானாலும் என் தலையில போடு. பிள்ளைய விட்டுடு."

ஏழுமலை என் தோளைத் தட்டினான். "காவடியே இவனுக்காகத்தானே மாமா? என்னாத்துக்கு அழுதுக்கினு நிக்கறே? வழி விடு."

உள்ளே நர்சம்மா அதட்டினாள். "பட்டினியா வந்தா ரத்தம் எடுக்க மாட்டேன். சாப்பிடுப்பா மொதல்ல." பன்னும் பாலும் கொடுத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "முருகா, நீ குடுத்ததுதான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றான்.

கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை மாற்றினார்கள். நான் பார்க்கவில்லை, சரவணபவ என்ற பெயரையே பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. என் பிள்ளை!

வேண்டுதல் தவறவில்லை. அடுத்த ஆடியில் ஏழுமலை காவடி எடுத்தான். பின்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். சாமிக்குப் பயந்தவன், இப்போது சாமியை நம்புகிறவன்.

பயத்தில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, முருகனிடம் அழுங்கள். ரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். அவன் எந்தக் கையால் கொடுப்பான் என்று நமக்குத் தெரியாது.

இன்றும் விடிந்ததும் பிள்ளையின் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். வெள்ளையாக இருக்கிறது. முருகா!