காலில் பட்ட புத்தகம்

எத்திராஜுக்கு ஓவியப் பைத்தியம் பிடித்ததற்குக் குளிர்தான் காரணம். சொன்னால் பீன்யாவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது அதுதான்.

குடியாத்தத்தில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு பெங்களூருக்கு வந்து, பீன்யாவில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மிஷின் முன்னால் நின்றவர். அங்கே நின்றபடியே மீசை நரைத்துவிட்டது. கம்பெனியை ஜெர்மன்காரர்கள் வாங்கிய பிறகு, புது மிஷினைக் கற்றுக்கொண்டு வர மியூனிக் நகரத்துக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று வந்தது. மேனேஜர் மஞ்சுநாத் யோசிக்கவே இல்லை, எத்திராஜ் பேரைக் கொடுத்துவிட்டார். வனஜா ஊறுகாய், பருப்புப்பொடி, மங்கி குல்லா எல்லாம் கட்டிக் கொடுத்து, புருஷனை ஏதோ போருக்கு அனுப்புகிறவள்போல அழுதாள். மூன்று மாதம்தான் என்று இவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வேலை நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வதைத்தது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறிக்கடையிலிருந்து மார்க்கெட் வரை ஜேஜே என்று இருக்கும். அங்கே கடை கண்ணி எதுவும் திறப்பதில்லை. ஊரடங்கு போட்ட மாதிரி தெரு. அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் வெளியே வந்தவர், குளிரில் காது விறைத்துப்போய், ஜனங்கள் நுழைகிற ஒரு பெரிய கட்டடத்துக்குள் தானும் நுழைந்தார். உள்ளே கதகதப்பாக இருந்தது. பெஞ்சு போட்டிருந்தார்கள். டிக்கெட்டும் பெயருக்குத்தான். சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்ததை அவர் அன்றைக்குச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறும் போனார். எத்தனை நேரம்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது? எதிரே ஒரு சின்ன ஓவியம் இருந்தது. அடுப்பங்கரை மேடை, ஒரு தட்டு, பாதி உரித்த வெங்காயம், அவ்வளவுதான். இதைப் போய் ஒருத்தன் மெனக்கெட்டு வரைந்திருக்கிறானே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வெங்காயத் தோலின் மேல் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சை என்னவோ செய்தது. ஒரு வெங்காயத்தை இவ்வளவு நேரம், இவ்வளவு அன்பாக ஒருத்தன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். தன்னை யாராவது ஒரு நிமிஷமாவது அப்படிப் பார்த்திருப்பார்களா, தான்தான் வனஜாவை அப்படிப் பார்த்திருக்கிறோமா என்று நினைத்துக்கொண்டார். ஐம்பது வயதை நெருங்குகிற மனுஷனுக்கு அந்நிய ஊரில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும். ஞாயிறு விடிந்தால் கிளம்பிவிடுவார். பெரிய மியூசியம், சந்துக்குள் இருக்கிற சின்ன கேலரி, எதையும் விடவில்லை. பாதி புரியவில்லை. நீலப் பெயின்ட்டை வாரியடித்து வைத்திருந்த ஒரு துணியின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, சத்தியமாக ஒன்றுமே தெரியவில்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டு நகர்ந்தார். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி போய் அதன் முன்னால் நின்றார். கூடவே ஓர் ஆசையும் வளர்ந்தது. வனஜாவை ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும், அந்த வெங்காயத்தின் முன்னால் உட்கார வைக்க வேண்டும். வாயால் சொல்லி விளக்க அவருக்குத் தெரியாது. உட்கார வைத்தால் போதும் என்று நினைத்தார்.

அந்த ஆசைக்கு வழியும் இருந்தது. மிஷினைக் கற்றுத் தேறினவரை அடுத்த வருஷமே குடும்பத்தோடு இரண்டு வருஷம் அங்கே அனுப்புவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. எத்திராஜ் நன்றாகவே தேறியிருந்தார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, மூடிப்போன ஒரு பழைய ஃபேக்டரியைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். தகரக் கூரை, தலைக்கு மேலே கிரேன் ஓடுகிற தண்டவாளம், அப்படியே பீன்யா ஷெட்தான். தரையெல்லாம் பழைய புத்தகங்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். அதுதான் அங்கே கலைப்படைப்பாம். நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் போகும்போது அவருடைய பூட்ஸ் கால், ஓர் அடுக்கின் அடியில் இருந்த புத்தகத்தில் பட்டுவிட்டது.

நம்மில் ஒருத்தர் என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்தார். புத்தகம் காலில் பட்டால் சரஸ்வதி காலில் பட்டது. சட்டென்று குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. கால் பட்டபோது அசையாத அடுக்கு, கை பட்டதும் சரிந்தது. அது சரிந்து அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, கூடமே அதிர்ந்தது. காவலாளிகள் ஓடி வந்தார்கள். எத்திராஜ் கைகூப்பியபடி சாரி சாரி என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் குறித்துக்கொண்டு, மரியாதையாகவே வெளியே அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்து, வனஜாவுக்கு பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது. தாசரஹள்ளி மார்க்கெட்டில் காய்க்காரம்மாவிடம்கூட ஜெர்மனி போகப் போகிறோம் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். ஒருநாள் மஞ்சுநாத் அறைக்குக் கூப்பிட்டார். கண்காட்சிக் கூடத்து இன்ஷூரன்ஸ்காரர்கள் மியூனிக் ஆபீஸைக் கேட்டிருக்கிறார்களாம். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதர் குனிகிறார், புத்தகத்தைத் தொடுகிறார், கையைக் கண்ணில் வைக்கிறார், அடுக்கு விழுகிறது. ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கம் வேண்டுமாம்.

எத்திராஜ் நடந்ததைச் சொன்னார். மஞ்சுநாத்துக்கு உடனே புரிந்தது. அவரும் அதைத்தான் செய்திருப்பார், ஆயுத பூஜைக்கு மிஷின் காலைத் தொட்டுக் கும்பிடுகிற ஆள். ஆனால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கன்னடம் கலந்த தன் தமிழில் சொன்னார்.

"இது அவங்களுக்கு அர்த்த ஆகல்லா எத்திராஜ். சரஸ்வதி, கண்ணுல ஒத்திக்கறதுன்னு எழுதினா சிரிப்பாங்க. மிஷினையும் இப்படித்தான் கும்பிட்டுட்டு ஓட்டுவானான்னு கேப்பாங்க. தலை சுத்துச்சு, கண்ணு இருட்டிச்சு, புடிச்சுக்கப் போனேன்னு எழுதிடறேன். மேட்டர் முடிஞ்சுடும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எத்திராஜுக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. உண்மையைச் சொல்வானேன், நாலு வெள்ளைக்காரர்கள் பட்டிக்காட்டான் என்று நினைப்பானேன் என்று ஒரு வெட்கம். தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. புத்தகத்தைத் தொட்டதில் என்ன அவமானம்? திருடினாரா, கிழித்தாரா?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இன்ஷூரன்ஸ் விவகாரம் தீர்ந்தது, ஆனால் மியூனிக்கில் வேறு ஆபீஸர் ஒருத்தர் மஞ்சுநாத் எழுதிய மெயிலைப் படித்துவிட்டார். தலைச்சுற்றல் வருகிற ஆளை ஓடுகிற மிஷின் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, வெளிநாட்டுக்கும் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கம்பெனி டாக்டர் சோதித்துவிட்டு இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் திரும்ப வராது என்று சொல்ல முடியாது என்றார். எத்திராஜை கிரைண்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். மியூனிக்குக் கிஷோரை அனுப்புவதென்று முடிவானது. கிஷோர் எத்திராஜிடமே தொழில் கற்ற ஓசூர்ப் பையன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்திராஜ் மஞ்சுநாத்திடம் போய் நின்றார். இப்போது சொன்னால் நான் பொய் எழுதினேன் என்றாகும், என் வேலை போகும் என்றார் மஞ்சுநாத். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது? ஊறுகாய் ஜாடியைத் திரும்பவும் பரணில் வைக்கும்போது வனஜா கேட்டாள், காய்க்காரம்மாவுக்கு என்ன சொல்லட்டும் என்று.

ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆள் வாடிப்போனார். ஞாயிறு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தது. மெட்ரோ பிடித்து, பேலஸ் ரோடு பக்கம் ஓவியம் மாட்டியிருக்கிற இடமாகத் தேடிப் போவார். ஒரு தடவை வனஜாவையும் கூட்டிப் போனார். அவள் சமத்தாக எல்லா அறையும் நடந்துவிட்டு, கால் வலிக்கிறது, இதில் என்ன பார்ப்பது சொல்லுங்கள் என்றாள். கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வெங்காயத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் அவரைப் பாவம் என்பதுபோலப் பார்த்தாள்.

போன டிசம்பரில் கிஷோர் லீவில் வந்து, சாக்லேட் டப்பாவோடு வீட்டுக்கும் வந்தான். தாங்கியிருக்கலாம், அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். பையன் வெகுளி. காபி குடித்தபடி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணே, அந்த புக்ஸ் மேட்டரு அங்க இன்னும் பேசறாங்க. ஒரு நாள் டின்னர்ல, எங்க ஊர்ல புக்கு கால்ல பட்டா தொட்டுக் கும்புடுவோம், அண்ணன் அதத்தான் செஞ்சிருப்பாருன்னு சொல்லிட்டேன். அந்த லேடி அப்படியே ஷாக் ஆயிட்டாங்க."

எந்த லேடி என்று வனஜா கேட்டாள். மியூனிக் ஆபீஸில் இந்த விவகாரத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணி என்றான். அடுக்கு விழுந்ததைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லையாம். அன்றைக்கே திரும்ப அடுக்கிவிட்டார்களாம். அந்தப் புத்தக அடுக்கைப் படைத்த கலைஞர் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, அவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார், இந்த மனிதர் யார், இவ்வளவு மரியாதையாகக் குனிந்து என்ன செய்கிறார், இவரிடம் பேச முடியுமா என்று. இன்ஷூரன்ஸ் என்பது சும்மா ஒரு சாக்கு, விளக்கம் கேட்டதே அவருக்காகத்தானாம்.

"அவருக்கு என்ன பதில் சொன்னாங்க?" என்றார் எத்திராஜ்.

கிஷோருக்கு அப்போதுதான் உறைத்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"உடம்பு சரியில்லாத ஆளு, தலை சுத்தி விழப் பாத்தாருன்னு எழுதிட்டாங்கண்ணே. அதோட அவரு விட்டுட்டாராம்."

அவன் போன பிறகு வனஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்குத் தலைச்சுற்றல் எதுவும் இல்லை, உங்களையே அனுப்பலாம் என்று இப்போதாவது அந்த அம்மாவிடம் கிஷோரை விட்டு எடுத்துச் சொல்லச் சொல்லலாமே என்றாள். இரண்டு வருஷ வேலைக்குக் கிஷோர் இருக்கிறான், அவன் சம்சாரம் பிரபா மாசமாக இருக்கிறாள், அவனைக் கிளப்பிவிட்டா நான் போவது என்றார். இதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அந்த வெங்காயத்தைப்போலத் தன்னையும் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதுதான் மனசை அறுத்தது.

அடுத்த ஞாயிறு வனஜா சீக்கிரமே குளித்து, புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். கேலரிக்குப் போகலாம், இந்தத் தடவை மெதுவாகப் பார்க்கிறேன், சொல்லிக் கொடுங்கள் என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவளாக இப்படிக் கேட்டதே இல்லை.

"நீ வேணும்னா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு எத்திராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.