பக்கத்துக் கட்டிலுக்குப் போகாத திருநீறு

எங்கள் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போவார். மூச்சுக்காற்றும் சாமியில் படக்கூடாது என்பார்கள். நாங்கள் திரைக்கு வெளியே நின்று கும்பிடுவோம். அதை ஆஸ்பத்திரியிலும் காண்பேன் என்று நினைத்ததில்லை.

வயல் வட்டையில் வரம்பு வெட்டும்போது என் கணவரின் காலில் மண்வெட்டி பட்டது. புண்ணில் நஞ்சேறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். மூச்சு விடுவதற்கும் மெசின்.

"அம்மா, இது வழமையான மருந்துக்கு அடங்காத கிருமி. எல்லாத்தையும் தாங்கப் பழகிட்டு. இனி ஒரு மருந்துதான் மிச்சம், அதைத்தான் ஏத்துறம்" என்றார் டொக்டர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை மருந்தையும் வென்று நிற்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் கோயில் திருநீற்றோடு போனேன். வாசலில் மாங்கேணி ஊர்த் தாயொருவர் என் கையைப் பிடித்தார். அவருடைய மகள் இவருக்குப் பக்கத்துக் கட்டிலில்.

"என்ட புள்ளைக்கும் கொஞ்சம் பூசிவிடுகா."

திருநீறு கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கை கழுவி, மேலங்கி போட்டு உள்ளே போனேன். இவருடைய நெற்றியில் பூசிவிட்டு, அதே விரலோடு பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினேன். நேர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

"அங்க போகாதீங்கம்மா."

"திருநீறுதானே மகள். தாய் கேட்டவ."

"திருநீறு நல்லம்தான். ஆனா ஐயாவைத் தொட்ட கை. அவர்ட கிருமி உங்கட விரல்ல ஏறிப் போய் அவவில இறங்கினா, மறுகா அவவுக்கு நாங்க என்ன மருந்தைக் குடுக்கிற?"

என் விரல் அப்படியே நின்றது. அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். வாய் கட்டியிருந்தாள். இவருடைய தலையணையைச் சரிசெய்தாள். கையுறையைக் கழற்றிக் கை கழுவி, புதியது போட்ட பிறகுதான் அந்த மகளிடம் போனாள். திரும்பி வரும்போதும் அப்படியே. கழுவிக் கழுவித் தோல் வெடித்திருந்தது. கப்புகனார் பூசைக்குச் செய்வதை இவள் ஒவ்வொரு கட்டிலுக்கும் செய்தாள். ஆண்டவனே, இதையும் பூசை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது.

நானும் கை கழுவினேன். திரைக்கு வெளியே நிற்பதுபோல இவருடைய கட்டிலடியிலேயே நின்று, அந்த மகளை நோக்கிக் கும்பிட்டேன்.

"பூசினியாகா?" என்றார் தாய்.

"பூசல்லகா. தள்ளி நிண்டு கும்பிட்டன்." காரணத்தைச் சொன்னேன்.

தாய் என் விரலைப் பார்த்தார். "அப்ப நாளைக்கும் அப்பிடியே கும்பிட்டுவிடு."

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்து நோய்க்குக் கேட்டது. குழாயை எடுத்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "வயலுக்குத் தண்ணி கட்டினதா?"

அந்த மகளுக்கு இவருடைய கிருமி தொற்றவேயில்லை. அவளைச் சாதாரண வாட்டுக்கு மாற்றிய அன்று, கோயிலிலிருந்து புதிதாகத் திருநீறு வாங்கிக் கொடுத்தேன். தாய் முதலில் பைப்படிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் கையாலேயே பூசினார்.