சிவப்பு போன விடியல்கள்

அச்சகத்தில் மை கலக்கும் அவருக்கு மனைவி வைத்த பெயர் ஊர்சுற்றி. லீவு கிடைத்தால் போதும், வண்ணப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை, ஆறு, கடல் என்று கிளம்பிவிடுவார். விடிவதற்குள் எழுந்து, தாளை நனைத்து, முதலில் சிவப்பை ஓடவிடுவார். காய்ந்ததும் மேலே மெல்லிசாகச் சாம்பல் நீலம். அடியிலிருந்து சிவப்பு கசிய, வானம் தீப்பற்றியதுபோல நிற்கும்.

பக்கவாதம் வந்து மனைவி படுக்கையில் விழுந்த பிறகும் அவர் கால் நிற்கவில்லை. மகளைக் காவல் வைத்துவிட்டுப் போனார். 'நான் பார்த்ததை அவளும் பார்க்கட்டுமே' என்று தனக்குத்தானே சமாதானம். கொண்டுவந்த படங்களைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், ஜன்னல் வெளிச்சம் படும்படி மாட்டினார்.

இந்த வருஷம் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊர்சுற்றி முதன்முறையாக வீட்டோடு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தச் சுவரை நின்று பார்த்தார். அத்தனை விடியலும் சாம்பலாகக் கிடந்தது.

படச்சட்டக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, மையிலேயே முங்கி எழுந்த மனுஷன் நீங்க! சுள்ளுனு அடிக்கிற வெயில்ல இந்தச் சிவப்பை மாட்டலாமா? பீரோவுல வெச்சிருந்தா அப்படியே இருந்திருக்கும்."

"பீரோவுல வெச்சா இவ எப்படிய்யா பாப்பா?"

சட்டங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படச்சட்டக்காரர் போனார். மனைவி கண் மூடுவதற்குள், தான் பார்த்த விடியலை அவளும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் ஊர்சுற்றிக்கு ஆசை. புதுச் சிவப்பைக் குழைத்தார்.

"பூசாதீங்க." மனைவியின் நாக்கு மெல்லத்தான் புரண்டது.

"ஏன்டி?"

"புதுசுல அதுங்களைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். இங்க ஒருத்தி கிடக்கிறா, அங்க போய் எவ்வளவு குஷியா இருந்திருக்கீங்கன்னு. வெளுக்க வெளுக்கத்தான் ஆறுச்சு. பரவாயில்ல, நம்ம ஊர்சுற்றிக்கும் அங்க ஒண்ணும் கிடைக்கலேன்னு." பாதி வாயால் சிரித்தாள். "திரைய நல்லா விலக்குடின்னு மககிட்ட தினமும் சொல்லுவேன், தெரியுமா?"

அங்கே வானம் சிவந்துதான் கிடந்தது, தான் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. தூரிகையைக் கழுவினார். வெளுத்த படங்களைத் திரும்பச் சட்டத்தில் பொருத்தி ஒவ்வொன்றாக மாட்டினார்.

"சரியா இருக்கா?"

"அந்தக் கடல் படம்... இன்னும் கொஞ்சம் வெயில் பக்கமா."

நகர்த்தி மாட்டினார்.